உங்களுக்குத் தெரியுமா? பெட்டைக் குரலில் ஒரு வேட்டை

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் பறவையைத் துரத்துவதில்லை. மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, பெட்டையைப் போலக் குரலெழுப்பிச் சேவலை வரவழைக்கிறார்கள். இயற்கையில் சேவல் கத்தினால் பெட்டைதான் தேடிப் போகும். அதைத் தலைகீழாக்க அசாத்தியப் பொறுமை வேண்டும். பல மாநிலங்களில் பொதுப் பருவத்துக்கு முன்பே சிறுவர்களுக்கென்று சில நாட்கள் உண்டு. பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான். சிவப்பு, வெள்ளை, நீல உடை வேண்டாம் என்பது அவர்கள் கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டிய பாடம். சேவலின் தலையிலும் அதே நிறங்கள்! பறவையென்று நினைத்து வேறொருவர் சுட்டுவிடக்கூடும். ஒருகாலத்தில் அருகிப்போன இந்தப் பறவை மீண்டதில் 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு: துப்பாக்கி, தோட்டா மீதான வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது.