மணலில் தங்காத சத்து

வேதாரணியத்தை ஒட்டிய கடற்கரை மணற்பகுதியில் தென்னந்தோப்புகள் மிகுதி. அங்குள்ள சில மரங்களில் அடிமட்டைகள் மட்டும் மஞ்சளித்து, ஓலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்து காணப்படும். உச்சிக் குருத்தோ பசுமையாகவே நிற்கும். இதைப் பூச்சியின் வேலை எனக் கருதி மருந்து தேடுவோர் உண்டு. ஆனால், பெரும்பாலும் குறை சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில், இருக்கிறது. சத்து போதாதபோது மரம் முதிர்ந்த ஓலைகளில் உள்ளதை எடுத்து இளம் ஓலைகளுக்கு அனுப்புகிறது. அதனால்தான் வாட்டம் அடியிலிருந்து தொடங்குகிறது.

சாம்பல் சத்து என்னும் பெயர் மிகப் பொருத்தமானது. மரச்சாம்பலை நீரில் கரைத்து வடித்துப் பானையில் காய்ச்சி எடுத்த உப்பையே ஐரோப்பியர் 'பொட்டாஷ்' என்றனர். பானைச் சாம்பல் என்பதே அதன் பொருள். இலைத்துளைகள் திறந்து மூடுவதற்கும், இலையில் உருவான சர்க்கரை காய்க்குச் சென்று சேர்வதற்கும் இச்சத்து இன்றியமையாதது. வெயிலும் உப்புக்காற்றும் வாட்டும் கடலோரத்தில் இதன் குறை விளைச்சலில் உடனே தெரியும்.

மணலில் இச்சத்து ஏன் நிலைப்பதில்லை? களிமண் துகள்களும் மட்கும் எதிர் மின்னூட்டம் உடையவை. நேர் மின்னூட்டம் கொண்ட பொட்டாசிய அயனிகளை அவை ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. மணலில் இவ்விரண்டும் குறைவு. எனவே, மழைநீர் கீழே இறங்கும்போது பொட்டாசியமும் வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடுகிறது. களிமண் நிலம் பத்தாயம் என்றால், மணல் நிலம் சல்லடை. சல்லடையில் ஒரே முறை அள்ளிக் கொட்டிப் பயனில்லை.

காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் உரம் பரிந்துரைக்கப்படுகிறது. அதை ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும் இரு சம பங்காக, அடிமரத்திலிருந்து 1.8 மீட்டர் ஆரத்தில் அமைந்த வட்டப்பாத்தியில், ஈரம் இருக்கும்போது இட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் இடும் உரம் மழையோடு போய்விடும். மணற்பாங்கான தோப்பில் அதே அளவை மேலும் பல பங்குகளாகப் பிரித்து இடுவது நன்று. சொட்டுநீர்க் குழாய் உள்ளோர்க்கு இது எளிது. அளவைக் கூட்டுவது தீர்வன்று. பொட்டாசியம் மிகுந்தால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். அப்போதும் அடிமட்டைகள் மஞ்சளிக்கும்! எக்குறை என்பதை அறிய மண்ணையும் இலையையும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

பொட்டாஷ் உரத்தை நம் நாடு ஏறத்தாழ முழுவதும் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மீண்டும் கன்று நட்டு வளர்த்த குடும்பங்களுக்கு இவ்வுரத்தின் விலை சிறிய செலவன்று. ஆனால், தேங்காயில் சேரும் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு உரிமட்டையில் இருக்கிறது. அதனை வண்டி வண்டியாக விற்று அனுப்பிவிட்டு, அதே சத்தை மூட்டையாக வாங்கி வருகிறோம். இக்கணக்கை நம்மில் பலர் போட்டுப் பார்ப்பதில்லை.

பொட்டாசியம் செடியில் எந்தக் கரிமச் சேர்மத்தின் உறுப்பாகவும் ஆவதில்லை. செல்சாற்றில் அயனியாகவே கரைந்திருக்கிறது. ஆகவே, காய்ந்த மட்டையில் மழை பட்டாலே அது கரைந்து வெளியேறும். உரிமட்டையைத் திறந்த வெளியில் குவித்து வைத்தால், சத்து குவியலின் அடியிலேயே வீணாகிவிடும். மரத்தைச் சுற்றி 1.5 மீட்டர் தள்ளி 30 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வட்டக்குழி வெட்டி, மட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி மூட வேண்டும். மட்டையிலிருந்து கரையும் சத்து வேருக்கு அருகிலேயே கிடைக்கும். மட்டையோ பஞ்சுபோல் நீரை உறிஞ்சி, மழை ஓய்ந்த பின்னும் சில காலம் ஈரம் காக்கும். வட்டப்பாத்தியில் சணப்பு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி விட்டால் மட்கும் சேரும். தொழுவுரமும் அவ்வாறே. அதன்பின் இடும் பொட்டாஷில் முன்னைவிடக் கூடுதலான பங்கு மண்ணில் நிற்கும்.