ஸ்டார்ட் ஆச்சு… அப்புறம்?

ரோட்டரி இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. சாவியைத் திருப்புகிறார். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிறது. இரண்டு முறை திணறி, மூன்றாவது முறை இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. கூட நிற்கும் நண்பர்கள் கூச்சல் போடுகிறார்கள். “சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க” என்பதோடு சரி. பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குக் கை பரபரக்கிறது. இவ்வளவுதானா, நாமே செய்துவிடலாம் போலிருக்கிறதே!

வீடியோ அந்த இடத்தில் முடிவதுதான் எனக்கு உறுத்துகிறது. குளிர்ந்த ரோட்டரி இன்ஜின் ஸ்டார்ட் ஆவதில் பெரிய சாதனை ஒன்றும் இல்லை. சாகக் கிடக்கும் ரோட்டரிகூடக் காலையில் எழுந்துவிடும். நன்றாகச் சூடேற ஓட்டி, ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி சாவியைத் திருப்பினால்தான் சாயம் வெளுக்கும். அந்தப் பத்து நிமிடத்தைக் காட்டும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாஸ்டா என்றால் நம்மூரில் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன வேன்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்த டீசல் பிஸ்டன் இன்ஜின். அதே பெயர் கொண்ட ஹிரோஷிமா கம்பெனி, உலகமே கைவிட்ட ரோட்டரியைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டிருந்தது. அது ஓடிய ஆர்எக்ஸ்-7 காரின் உற்பத்தி 2002-ல் நின்றது, ஆர்எக்ஸ்-8 காரின் உற்பத்தி 2012-ல் நின்றது. 2023-ல் ஒற்றை ரோட்டார் இன்ஜின் ஒன்று திரும்ப வந்தது. அதன் வேலை சக்கரத்தைச் சுழற்றுவதல்ல, மின்சாரக் காருக்கு ஜெனரேட்டராக ஓடுவது. ஆக, இன்று ரோட்டரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வயதான இன்ஜினோடு காலம் தள்ளுகிறார்கள்.

சாதாரண மெக்கானிக் இதில் கைவைக்க மாட்டார். இதற்கென்றே இருக்கும் பட்டறைகள் ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, போர்ட்டோ ரிக்கோ என்று சிதறிக் கிடக்கின்றன. அங்கே கொடுத்தால் செலவு கையைக் கடிக்கும். வேறு வழியில்லாமல் கார்க்காரர் லேப்டாப்பை பானெட் மேல் வைத்து வீடியோவைப் போடுகிறார்.

இன்ஜினும் பார்ப்பதற்குச் சாதுவாக இருந்து ஆளை ஏமாற்றுகிறது. வால்வு, கேம்ஷாஃப்ட், டைமிங் செயின், கனெக்டிங் ராடு எதுவும் கிடையாது. பரவலாகக் கிடைக்கும் 13பி இன்ஜின் 1308 சிசி; இரண்டு ரோட்டார், ஒவ்வொன்றுக்கும் 654 சிசி. இரும்புத் தகடு, அலுமினிய ஹவுசிங், இரும்புத் தகடு, அலுமினிய ஹவுசிங், இரும்புத் தகடு என்று அடுக்கு டிபன் கேரியர் மாதிரி ஐந்து துண்டுகள். முன்னிருந்து பின்வரை நீளமான போல்ட்டுகள் ஊடுருவிப் போய் மொத்தத்தையும் இறுக்கிப் பிடிக்கின்றன. உள்ளே பக்கங்கள் புடைத்த முக்கோண ரோட்டார் சுற்றுகிறது. அது ஒரு சுற்று வருவதற்குள் நடுவில் இருக்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். எல்லாச் சூட்சுமமும் சீல்களில். முக்கோணத்தின் மூன்று முனைக்கும் ஏபெக்ஸ் சீல், பக்கவாட்டில் சைடு சீல், இரண்டும் சந்திக்கும் மூலைக்குக் கார்னர் சீல், ஆயிலைத் தடுக்கத் தனி வளையம். இரண்டு ரோட்டாருக்கும் சேர்த்து ஏபெக்ஸ் 6, சைடு 12, கார்னர் 12, ஆயில் வளையம் 8. அடியில் உட்காரும் ஸ்பிரிங்குகள் தனிக்கணக்கு.

கழற்றுவது சுலபம் என்று எல்லா வீடியோவும் சொல்கிறது, அது உண்மையும்தான். ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் 54 மில்லிமீட்டர் நட்டு ஒன்றுதான் முரண்டு பிடிக்கும். நீளமான பைப்பைச் செருகி ஆள் தொங்கினால் அதுவும் வந்துவிடும். வீடியோவில் அந்தக் காட்சி நன்றாக எடுபடும்: வியர்வை, கெட்ட வார்த்தை, கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

எடுபடாத காட்சி சைடு சீலுக்கு அரம் போடுவது. புது சைடு சீல் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதை ரோட்டாரின் பள்ளத்தில் வைத்து, முனையைத் துளித்துளியாகத் தேய்த்து, கார்னர் சீலுக்கும் அதற்கும் நடுவில் 0.05-லிருந்து 0.15 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வரும்படி செய்ய வேண்டும். தேய், துடை, பள்ளத்தில் வை, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார், எடு, மறுபடி தேய். அரம் ஒரு இழுப்பு கூடிவிட்டால் இடைவெளி பெரிதாகி, அந்த சீல் குப்பைக்கு. குறைந்தால் இன்னும் மோசம்: சூட்டில் சீல் விரிந்து கார்னரை முட்டி, அசைய இடமில்லாமல் இறுகிக்கொள்ளும். இப்படிப் பன்னிரண்டு. ஒன்றுக்கென்று தேய்த்தது இன்னொரு பள்ளத்துக்கு ஆகாது. எது எங்கே போகிறது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்த வீடியோ ஒன்றில் இந்த வேலை முழுவதும், பின்னணியில் கிடார் இசையோடு, வேகமாக ஓட்டிவிடப்பட்டது. ஃபீலர் கேஜ் பிரேமுக்குள் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. இன்ஜின் பிழைக்குமா பிழைக்காதா என்று தீர்மானிக்கும் வேலையை ‘போர்’ என்று வெட்டிவிட்டார்கள்.

இன்னொன்று, ஷாஃப்ட்டின் முன்பக்கம் இருக்கும் ஊசி பேரிங். ஷாஃப்ட் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடலாம் என்பதற்கு 0.04 முதல் 0.07 மில்லிமீட்டர் என்று கணக்கு இருக்கிறது. டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க முடியும். ஆட்டம் கூடினால் வேறு கனத்தில் ஸ்பேசர் மாற்ற வேண்டும். இதற்குப் பிறகு எதற்காகவோ முன் போல்ட்டைத் தளர்த்தினால், அந்தப் பேரிங் நழுவித் தொங்கும். கவனிக்காமல் திரும்ப முறுக்கினால், ஸ்பேசரில் மாட்டி நசுங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போல்ட் இறுகிய சுகம் கையில் இருக்கும், இன்ஜினுக்குள் பேரிங் செத்திருக்கும். பட்டறையில் பக்கத்தில் ஒரு ஆசான் நின்றால், “ஏய், அதைத் தொடாதே” என்று ஒரு சத்தம் போடுவார். வீடியோ நம்மைப் பார்த்துச் சத்தம் போடாது. நாம் தப்பாகச் செய்துகொண்டிருக்கும்போதும் அது பாட்டுக்கு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

அளவு தெரிந்தால்கூடச் சமாளித்துவிடலாம். அளவில் வராத தீர்ப்புகள் சில இருக்கின்றன. பழைய ஹவுசிங்கைத் திரும்பப் போடலாமா, தூக்கிப் போடணுமா? உள்சுவரில் பூசிய குரோமியம் எங்கே உரிந்திருக்கிறது? இரும்புத் தகட்டில் சைடு சீல் ஓடிய தடம் பள்ளமாகிவிட்டதா? அனுபவசாலி நகத்தால் குறுக்கே ஒரு இழுப்பு இழுப்பார். நகம் தட்டினால் முகம் சுருங்கும். எல்இடி வெளிச்சத்தில் கேமராவுக்கு எல்லா ஹவுசிங்கும் பளபளவென்றுதான் தெரியும். புது ஹவுசிங் விலையைப் பார்த்தவர், “இது இன்னும் ஓடும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பழையதையே போடுவார். நூற்றுக்கு எத்தனை ரீபில்ட் இப்படிக் கெடுகிறது என்று என்னிடம் கணக்கில்லை. ஆனால் நான் பேசிய ரோட்டரிக்காரர்கள் எல்லோருமே முதலில் கைகாட்டியது ஹவுசிங்கைத்தான்.

இந்த உள்சுவர் விவகாரம் சாதாரணமானதல்ல. ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனையில் உருவான இந்த இன்ஜின் முதலில் ஓடியது 1957-ல், ஜெர்மனியில். உரிமம் வாங்கிக்கொண்டு போன ஹிரோஷிமாக்காரர்கள் ஓட்டிப் பார்த்தால், சீல் அதிர்ந்து அதிர்ந்து உள்சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர், பிசாசின் நகக்கீறல். கெனிச்சி யமாமோட்டோ தலைமையில் 47 இன்ஜினியர்களைத் தனியாக உட்காரவைத்துப் பல வருஷம் அந்த ஒரு கீறலோடு மல்லுக்கட்டினார்கள். சீலின் வடிவத்தை மாற்றினார்கள், பொருளை மாற்றினார்கள். கடைசியில் 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் கார் வெளியே வந்தது. 1991-ல் இதே வம்சத்து நான்கு ரோட்டார் இன்ஜின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. ஒரு தொழிற்சாலையையே தண்ணி குடிக்கவைத்த சீலும் சுவரும் இவை. இதைத்தான் ‘வீக்எண்டில் முடித்துவிடலாம்’ என்று தலைப்பு போட்டு விற்கிறார்கள்.

இப்போது ஸ்டார்ட் விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கும்போது சீல்கள் கீழே விழாமலிருக்க வாசலின் தடவி ஒட்டுவார்கள், உள்ளே ஆயிலும் ஊற்றியிருப்பார்கள். முதல்முறை கிளப்பும்போது இடுக்கை அடைப்பதில் பாதி உபயம் இவைதான். அந்த வெள்ளைப் புகையும் இவை எரிவதுதான். சூடேறி எல்லாம் எரிந்துபோய், ஆயிலும் நீர்த்த பிறகு, சீல் தன் சொந்தத் திறமையில் அடைக்க வேண்டும். அப்போதும் ஸ்டார்ட் ஆனால் வேலை சுத்தம். இதை அளந்து பார்க்கவும் வழி உண்டு. ஆனால் பிஸ்டன் இன்ஜினுக்குப் போடும் கம்ப்ரஷன் கேஜை மாட்டினால், ரோட்டாரின் மூன்று முகத்தில் நன்றாக இருக்கும் ஒரு முகத்தின் எண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு காட்டும்; செத்த முகத்தை மறைத்துவிடும். ரோட்டரிக்கென்றே இருக்கும் கேஜ் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும். நிமிடத்துக்கு 250 சுற்றில், சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ அளவில் இருந்தால் நல்ல ஆரோக்கியம். அந்த கேஜ் இல்லாதவர்கள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ‘புஸ், புஸ், புஸ்’ மூன்றும் ஒரே பலத்தில் வருகிறதா என்று காதால் கேட்பார்கள். மோசமில்லாத வைத்தியம்தான், காது பழகியிருந்தால்.

ரீபில்ட் வீடியோக்கள் தொடாமல் விடும் மற்றொரு கேள்வி, பழைய இன்ஜின் எதனால் செத்தது? ரேடியேட்டர் ஒழுகிச் சூடேறியதா? இக்னிஷன் காயில் பலவீனமாகி, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அடைத்து, அந்தச் சூடு திரும்பி வந்து தாக்கியதா? டர்போ வண்டியாக இருந்து, நாக்கிங் வந்து ஏபெக்ஸ் சீல் உடைந்ததா? அப்படி உடைந்திருந்தால் துண்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போவின் இறக்கையையும் சிதைத்திருக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது சீல் போடுவது, அதே இன்ஜினை மறுபடி கொல்லப் போடும் பணம். ஆயில் சமாச்சாரமும் அப்படித்தான். ரோட்டரி, வடிவமைப்பிலேயே ஆயில் குடிக்கும் இன்ஜின். சீலுக்கு உயவு வேண்டுமென்று ஒரு சின்ன பம்ப் உள்ளே ஆயிலை விட்டுக்கொண்டே இருக்கும். அதை நம்பாமல் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றுகிறவர்களும் நிறைய. பங்கில் 2டி ஆயில் கேட்டு ஸ்கூட்டருக்குக் கலந்து போட்ட நம்மூர்ப் பெரியவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். டிப்ஸ்டிக்கை எடுத்தே பார்க்காமல் ஓட்டிய ஒருவருக்கு இந்த விவரம் ரீபில்டுக்குப் பிறகும் தெரியாமல் போனால், செலவெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

வீடியோ பார்த்தே பழகி, சேர்த்த இன்ஜினோடு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இந்த வீடியோக்கள் இல்லாவிட்டால் பல ரோட்டரிகள் காயலான் கடைக்குப் போயிருக்கும் என்ற வாதமும் சரிதான்.

ஆனாலும் என் கவலை போகவில்லை. இணைய வீடியோக்கள் வருவதற்கு முன்பே, அமெரிக்காவில் ரோட்டரி பட்டறைக்காரர்கள் சேர்க்கும் வேலையை வீடியோ கேசட்டில் பதிந்து தபாலில் விற்றார்கள். கேமராவை ஒரு மூலையில் நட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, முணுமுணுத்தபடி வேலை செய்வார்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் அளவு சொல்வார்கள், ஏன் என்று சொல்வார்கள், பக்கத்தில் கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மேனுவலைத் திறந்து வைத்திருப்பார்கள். இன்றைய வீடியோவில் படம் அழகு, கை வேகம், மேனுவல் காணோம். எண் இருக்க வேண்டிய இடத்தில் இசை இருக்கிறது. கூட்டம் போவதும் அங்கேதான். நாற்பது நிமிடம் அரம் தேய்ப்பதைக் காட்டுகிறவருக்குப் பார்வையாளர் எங்கிருந்து வருவார்? தெரிந்தவர் போடும் நல்ல வீடியோ அடியில் புதைய, முதல்முறை முயன்றவரின் வீடியோ மேலே மிதக்கிறது. அதைப் பார்த்து அடுத்தவர் செய்கிறார், அவரும் படம் எடுத்துப் போடுகிறார். விடுபட்ட அளவு இப்படிக் கைமாறிக் கைமாறி நிரந்தரமாகவே விடுபட்டுப் போகிறது. ரோட்டரியோடு இது நிற்கிறதா? கியர்பாக்ஸ், பிரேக், மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி என்று எல்லாவற்றையும் இப்போது இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். பேட்டரியை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

செய்தே தீருவேன் என்கிறவரைத் தடுக்கவா முடியும்? முதல் ஸ்பேனரை எடுக்கும் முன் டயல் கேஜ், மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ் மூன்றையும் வாங்கிவிடுங்கள். உங்கள் மாடலுக்கான மேனுவலை அச்செடுத்து, வீடியோவைவிடப் பக்கத்தில் வையுங்கள். ஃபீலர் கேஜ் கண்ணில் படாத வீடியோவை அப்போதே மூடிவிடுங்கள்.

வீடியோ போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐயா, இன்ஜின் ஸ்டார்ட் ஆன அன்று நீங்கள் போட்டதைப் பார்த்துவிட்டோம். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, இன்ஜின் கொதிக்கும்போதே கேஜை மாட்டி, ஆறு முகத்தின் கம்ப்ரஷன் எண்ணையும் இன்னொரு வீடியோவில் காட்டுங்கள். அதற்கு முன்பே இன்ஜின் போய்விட்டால், பிரித்து எது போனது என்று காட்டுங்கள். அந்த வீடியோதான் அடுத்தவருடைய இன்ஜினைக் காப்பாற்றும்.