கேட்டச்சினும் பெல்லம் டீயும்

தேயிலைத் தளிரை உலர்த்தி நிறுத்தால், அந்த எடையில் கால் பங்குக்கும் மேல் பாலிஃபீனால் என்னும் துவர்ப்புப் பொருள்கள்தான். அவற்றில் பெரும்பகுதி கேட்டச்சின் வகை. ஜப்பானிய வேதியியலாளர் மிச்சியோ சுஜிமுரா 1929இல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டச்சினைப் பிரித்தெடுத்தார். இந்த வகையில் இன்று அதிகம் அடிபடும் பெயர் ஈஜிசிஜி. தளிரில் 2 முதல் 4 சதவீதம் வரை காஃபீனும் உண்டு. டீ குடித்தால் உடம்பு இளைக்கும் என்ற பேச்சு இந்த இரண்டையும் நம்பித்தான் எழுந்தது.

கொழுப்பைக் கரைக்கச் சொல்லி உடலைத் தூண்டுவது நோரட்ரினலின். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஈஜிசிஜி அந்த நொதியைத் தடுக்கிறது. காஃபீனோ, கொழுப்புச் செல்லுக்குள் போன தூண்டுதல் சட்டென்று அடங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இது ஆய்வுக்கூடக் கணக்கு. மனிதர்களிடம் இதைச் சோதித்த பெயர்பெற்ற ஆய்வு 1999இல் சுவிட்சர்லாந்தில் அப்துல் துல்லூ குழுவினர் செய்தது. 10 ஆண்களை 24 மணி நேரம் ஒரு தனி அறையில் இருக்கவைத்து, அவர்களின் சுவாசத்தைக் கொண்டு உடல் எரித்த ஆற்றலை அளந்தார்கள். பச்சைத் தேயிலைச் சாறு உட்கொண்ட நாளில் அது 4 சதவீதம் கூடியது. அதாவது சுமார் 80 கலோரி. அந்தச் சாற்றில் இருந்த அதே அளவு காஃபீனைத் தனியாகக் கொடுத்தபோது இந்த உயர்வு கிடைக்கவில்லை.

திருப்பதி டீக்கடையில் ஒரு டீயின் கணக்கும் ஏறக்குறைய அந்த 80 கலோரிதான். மாஸ்டர் துணி வடிகட்டியிலிருந்து டிகாஷனை இறக்கி, பாதிக்குப் பாதி பாலை விட்டு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஆற்றித் தருகிறார். 60 மில்லி பாலில் 40 கலோரி, 10 கிராம் சர்க்கரையில் 40. வெறும் டிகாஷனில் கலோரி இருப்பதாகவே கொள்ள வேண்டியதில்லை. பால் சித்தூர்ப் பக்கத்துப் பண்ணைத் தொழில். வெல்லத்துக்குச் சித்தூர் பேர்போன சந்தை. தேயிலை ஒன்றுதான் வெளியூர்ச் சரக்கு. இப்போது பரவலாகிவரும் பெல்லம் டீயை, அதாவது வெல்லம் போட்ட டீயை, சர்க்கரை டீக்கு மாற்று என்று நம்பிக் குடிப்பவர்கள் உண்டு. கிராமுக்குக் கிராம் வெல்லத்தின் கலோரி சர்க்கரைக்குக் கொஞ்சம்தான் குறைவு. பழைய சித்தூர் மாவட்டத்துப் புங்கனூர்க் குட்டைப் பசுவின் பாலில் கொழுப்பு 8 சதவீதம் வரை போகும். நல்லவேளை, டீக்கடைக்கு வருவது பெரும்பாலும் அந்தப் பால் இல்லை.

இன்னொரு சிக்கல் தூளிலேயே இருக்கிறது. கடைகளில் கொதிப்பது சிடிசி தூள். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும்போது அதிலுள்ள நொதி கேட்டச்சின்களைக் காற்றோடு சேர்த்துத் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்னும் பெரிய மூலக்கூறுகளாக மாற்றிவிடுகிறது. டீயின் நிறமும் கடுப்பும் அவற்றால் வருபவை. இவை அளவில் பெரியவை. குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. ஆனால் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களை மாற்றி எடையைக் குறைக்கக்கூடும் என்று 2017இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் காட்டினர். எலிகளில்தான். பாலிலுள்ள கேசீன் புரதமும் பாலிஃபீனால்களோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் பயன் எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

பச்சைத் தேயிலையே என்ன சாதித்தது? குறைந்தது 12 வாரம் நடந்த சோதனைகளை 2012இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றில் சராசரி எடைக் குறைவு 40 கிராம். ஜப்பானிய ஆய்வுகளில் 0.2 முதல் 3.5 கிலோ வரை வித்தியாசம் தெரிந்தது.

திருப்பதியில் கலோரியை எரிக்க வேறு வழி இருக்கிறது. அடிவாரத்து அலிபிரி வழியாகத் திருமலை ஏற 3,550 படிகள். உயரம் சுமார் 700 மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் ஏறி முடிக்க 400 கலோரியாவது செலவாகும். வழியில் இரண்டு டீ குடித்தாலும் கணக்கு அவர் பக்கம்தான் நிற்கும்.

பச்சைத் தேயிலைச் சாற்றைக் காப்ஸ்யூலாக விழுங்குவது வேறு கதை. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி மாத்திரையாக உள்ளே போனால் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. கடை டீக்கு அந்தப் பயம் வேண்டாம். அதில் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. ஆந்திரப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. டீயின் துவர்ப்புப் பொருள்கள் சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்வதால், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2024 வழிகாட்டுதல்.