தோற்ற வீரர் மீண்டும் கோதாவில் இறங்கலாமா?

ஒரே எதிரியிடம் இரு முறை தோற்ற குத்துச் சண்டை வீரர், மூன்றாம் முறையும் அவரையே நாடிச் செல்வது தகுமா? இதற்கு விடை காண, அமெரிக்க வீரர் பிளாய்டு பாட்டர்ஸனின் சரித்திரம் ஒன்றே போதும்.

1959-ல் ஸ்வீடன் தேசத்து இங்கெமார் யோஹான்ஸன், மூன்றாவது சுற்றில் அவரை ஏழு தடவை வீழ்த்தி, ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைப் பறித்தார். மறு வருஷமே பாட்டர்ஸன் யோஹான்ஸனை ஐந்தாவது சுற்றில் மூர்ச்சையாக்கினார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் வீரர் அவரே.

1962-ல் ஸானி லிஸ்டனிடம் 2 நிமிஷம் 6 விநாடியில் வீழ்ந்தார். வெட்கம் தாளாமல், ஒட்டுத் தாடி அணிந்து சிகாகோவை விட்டு வெளியேறினார். பத்து மாதம் கழித்து மறு போட்டி நடந்தது. இம்முறை அவர் தாங்கியது 2 நிமிஷம் 10 விநாடி. அதிகம் கிடைத்தது நாலே விநாடி!

யோஹான்ஸனிடம் பாட்டர்ஸனைக் கெடுத்தது, எதிரியின் வலக்கைக் குத்துக்கு இடங்கொடுத்த குறை. அதைப் பயிற்சியால் நீக்கலாம். லிஸ்டனோ 1962-ல் அவரைவிட 25 ராத்தல் கனமானவர்; கையும் நீளம். இதற்குப் பயிற்சி என்ன செய்யும்?

ஆகவே, தோற்றவருக்கு ஒரு மறு போட்டி நியாயமே. இன்னொன்று வேண்டுமெனில், "இம்முறை எதை மாற்றிச் செய்வேன்?" என்பதற்கு அவரிடம் விடை இருத்தல் வேண்டும். "மானம் போயிற்றே" என்பது விடையாகாது. இழந்த பட்டத்தை மீட்கலாம். அடிபட்டுக் கெட்ட மூளையை மீட்பது எங்ஙனம்? அவரை மீண்டும் கோதாவில் காண விரும்பும் ரஸிகர்களும் இதைச் சிந்திக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.