இசைந்தோர் பட்டியலும் இணைய வணிகமும்

சுன்னாகச் சந்தையிலோ சாவகச்சேரிச் சந்தையிலோ ஒரு வணிகர் தம் சரக்கின் பெருமையை உரத்த குரலிற் கூறினால், அவரை எவரும் குறை கூறார். சந்தைக்கு வருவோர் அக்குரலைக் கேட்க ஆயத்தமாகவே வருகின்றனர். அதே வணிகர் ஒரு வீட்டை நாடிச் செல்லும்போது படலையில் நின்று குரல் கொடுப்பார்; வீட்டுக்காரர் வரச் சொன்ன பின்னரே முற்றத்தில் அடி வைப்பார். சந்தைக்குரிய முறை வேறு, வீட்டுக்குரிய முறை வேறு. மின்னஞ்சற் பெட்டி சந்தை அன்று, வீடு. இணையத்தில் வணிகஞ் செய்ய விரும்பும் நம்மவர் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறு உற்பத்தியாளர்க்கு இது இன்று முதன்மையானதொரு விடயம். 1983 ஆம் ஆண்டின் பின்னர் நம் மக்கள் பெருந்தொகையினராகக் கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளிற் குடியேறினர். ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி, வறுத்திடித்த மிளகாய்த்தூள் என்பவற்றின் சுவையை அறிந்த பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்களுக்கு இணையக் கடை ஒன்றைத் திறந்துவிடலாம். ஆயினும், கடை திறந்திருப்பதை எவ்வாறு அறிவிப்பது? பத்திரிகை விளம்பரத்துக்குப் பணம் வேண்டும். மின்னஞ்சலுக்கோ செலவு மிகச் சிறிது. செலவு சிறிதாயிருத்தலே அதன் நன்மை. அதுவே அதன் ஆபத்துமாகும்.

வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பும் முறையை ஐக்கிய அமெரிக்காவில் றே ரொம்லின்சன் 1971 ஆம் ஆண்டில் உருவாக்கினார். ஏழே ஆண்டுகளில், 1978 ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு அவர்கள் கேளாமலே ஒரு விளம்பரத்தை அனுப்பினார். பெற்றோர் பலர் சினந்தனர். அன்று தொடங்கிய அத்தொல்லையே பின்னர் உலகெங்கும் பெருகியது.

இதற்கு மாற்றாக அமைந்ததே இசைந்தோர் பட்டியல். 'உங்கள் செய்திகளை எனக்கு அனுப்புக' எனத் தாமே கேட்டவர்களின் முகவரிகளை மட்டும் கொண்டது அது. இக்கருத்து நமக்குப் புதியதன்று. 1841 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்கிய உதயதாரகையை எண்ணிப் பாருங்கள். அக்காலத்திற் சந்தாதாரரைக் கையொப்பக்காரர் என வழங்குவதுண்டு. தம் கையெழுத்தை இட்டுக் கேட்டவரே கையொப்பக்காரர். அக்கையொப்பத்தின் இடத்தை இன்று நிரப்புவது மின்னஞ்சல் இசைவு.

இவ்விசைவைப் பெறும் முறை எளிது. இணையக் கடையில் ஒரு சிறு படிவம் இருத்தல் வேண்டும். எத்தகைய செய்திகள், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை வரும் என்பதை அதிலே தெளிவாகக் கூறல் வேண்டும். இசைவைக் குறிக்கும் கட்டத்தை வாடிக்கையாளரே தெரிவு செய்யவேண்டும். வணிகர் முன்னரே நிரப்பி வைத்தல் ஆகாது. முகவரியைப் பதிந்தவுடன் அம்முகவரிக்கு உறுதிப்படுத்தும் மடல் ஒன்று செல்லட்டும். அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பின்னரே பெயர் பட்டியலிற் சேரட்டும். பிழையாக எழுதப்பட்ட முகவரிகளும், பிறர் குறும்பாகக் கொடுத்த முகவரிகளும் இதனால் நீங்கிவிடும். எந்நாளில், எவ்வழியாக இசைவு கிடைத்தது என்பதைக் குறித்து வைத்தலும் கடமை.

இவ்வாறு சேர்த்தால் ஆறு மாதத்தில் 200 பெயர்தானே சேரும், 20,000 முகவரிகளை ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிடலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு விற்கப்படும் பட்டியல்களிற் பொறி முகவரிகள் கலந்திருப்பதுண்டு. வேண்டா அஞ்சலைத் தடுப்போர் வைத்துள்ள அம்முகவரிகள் எவரிடமும் எதனையும் கேட்டவை அல்ல. ஆதலின், அவற்றுக்கு மடல் அனுப்பியவர் இசைவு பெறாதவர் என்பது உடனே வெளிப்பட்டுவிடும். மேலும், பெறுவோர் பலர் அம்மடலை வேண்டா அஞ்சல் எனக் குறித்துவிடுவர். 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாகக் கூகிள் நிறுவனம் வகுத்துள்ள விதிகளின்படி, இத்தகைய முறைப்பாடு 1,000 மடலுக்கு 3 என்ற அளவை எட்டலாகாது. நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோர், ஒரே அழுத்தில் விலகும் வழியையும் அளித்தல் வேண்டும்.

எல்லை மீறினால் நேர்வது யாது? அனுப்புவோரின் இணைய முகவரியே நற்பெயரை இழக்கும். அதன் பின்னர் விளம்பரம் மட்டுமன்று, பணம் செலுத்திய வாடிக்கையாளருக்குச் செல்லவேண்டிய பற்றுச்சீட்டும், பொதி அனுப்பப்பட்ட செய்தியும் வேண்டா அஞ்சற் பெட்டிக்குள் வீழ்ந்துவிடலாம். பொருள் வருமோ வராதோ என வாடிக்கையாளர் ஐயுறுவர். முற்றத்திற் பாய் விரித்து ஒடியல் காயவைக்கும் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு, வாங்கிய ஒரு பட்டியலாற் பாழாகலாம்.

சட்டமும் இதனைக் கவனிக்கிறது. கனடாவின் வேண்டா அஞ்சற் தடுப்புச் சட்டம் 2014 ஆம் ஆண்டு யூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கனடாவிலுள்ள கணினியிற் பெறப்படும் வணிக மடலுக்கும் அது பொருந்துமாதலின், யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு எழுதுபவரும் அதனை அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் பொருள் வாங்கியிருந்தால், அதனையே இசைவாகக் கொண்டு 2 ஆண்டுகள் வரை எழுதலாம்; விசாரித்தவராயின் 6 மாதங்கள் வரையே. அதற்கப்பாலும் எழுத விரும்பினால் வெளிப்படையான இசைவு வேண்டும். விலக விரும்புவோரை 10 வேலை நாட்களுக்குள் நீக்குதல் வேண்டும். மீறலுக்கு நிறுவனம் ஒன்றின் மீது 1 கோடி கனடிய டொலர் வரை தண்டம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இத்தகைய செய்திகளை அனுப்புவதற்கு இசைவு வேண்டும் என்னும் கொள்கையையே வகுத்துள்ளது.

இசைவு கிடைத்தது என்பதற்காக நாள்தோறும் மடல் எழுதுதல் முறையன்று. சொல்லத்தக்க செய்தி உள்ளபோது மட்டும் எழுதுவோமாக. தை, மாசியில் புழுக்கொடியல் காய்கிறது எனவும், பனம்பழக் காலத்தின் பின் புதிய பனாட்டு ஆயத்தமாயிற்று எனவும் எழுதினால், அது விளம்பரமாக மட்டுமன்றி ஊர்ச் செய்தியாகவும் விளங்கும். தலைப்பு ஒன்று, உள்ளடக்கம் வேறொன்று என இருத்தலாகாது. விற்பவரின் உண்மைப் பெயரும் முகவரியும் மடலின் அடியில் இருத்தல் வேண்டும். விலகும் வழியை எளிதிற் காணுமாறு வைத்தல் வேண்டும். விலகுவோரைத் தடுத்து நிறுத்தலால் பயன் யாதுமில்லை. நீண்ட காலம் மடலைத் திறவாதவர்களிடம் ஒருமுறை கேட்டு, விடை வராவிடின் அவர்களின் பெயரை நாமே நீக்கிவிடலாம்.

கேளாத 20,000 பேரைக் காட்டிலும், கேட்ட 200 பேர் ஒரு சிறு வணிகருக்குப் பெருஞ் செல்வம். அந்த 200 பேரும் மறுமுறை வாங்குவர், உறவினர்க்கும் எடுத்துரைப்பர். பணத்தால் முகவரிகளை வாங்கலாம். இசைவை வாங்குதல் இயலாது. அது ஒவ்வொருவராகக் கேட்டுப் பெறவேண்டியது. பெற்ற பின்னரும், எழுதும் ஒவ்வொரு மடலாலும் காக்கப்பட வேண்டியது.