டல்லஸின் அப்பத்தா பிறந்த ஊர்

ஒரு டீயில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. இன்னொன்று சொல்லிவிட்டு உட்காருவது நல்லது. கேட்டவர் கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படிக்கிற தம்பி. "நானூறு வருஷத்துக்கு முன்னால இங்கிலாந்துலருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன ஒரு பியூரிட்டன் குடும்பத்தோட கொடிவழிய இன்னைக்குத் தேடிப் பிடிக்க முடியுமாண்ணே? எங்க பாட்டனுக்கு அப்பா பேரே எங்க வீட்ல யாருக்கும் தெரியலையே."

முடியும். அதற்கு பாஸ்டனுக்கு விமானம் ஏற வேண்டாம், நூலை இந்தப் பக்கத்திலிருந்தே பிடிக்கலாம். ஆனால் எல்லோரும் செய்கிற மாதிரி மேலிருந்து கீழே வரக்கூடாது. 1634-ல் கப்பலில் வந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு 'இவருடைய வாரிசு யார்' என்று இறங்கினால் வழியில் ஆயிரம் கிளை பிரியும். அதில் நமக்குப் பிடித்த கிளையில் போய் உட்கார்ந்துவிடுவோம். தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்கு, பிள்ளையிடமிருந்து பெற்றவருக்கு, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் சாட்சி சொல்ல வேண்டும்.

ஏறிப் பார்ப்போம். வாஷிங்டனில் போய் இறங்குகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டல்லஸ் விமான நிலையம் தெரியும். ஜனாதிபதி ஐசனோவர் காலத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸின் பெயர் அது. தம்பி ஆலன் டல்லஸ், சிஐஏ-வின் இயக்குநராக இருந்தவர். இவர்களின் அப்பா ஆலன் மேசி டல்லஸ் ஒரு பாதிரியார். அவருடைய அப்பா ஜான் வெல்ஷ் டல்லஸ் 1850-ஐ ஒட்டிய சில ஆண்டுகள் சென்னையில் மிஷனரியாக இருந்தவர். அவருடைய மனைவி, அதாவது அமைச்சரின் அப்பத்தா, ஹாரியட் லாத்ரப் வின்ஸ்லோ. பிறந்தது யாழ்ப்பாணத்தில். 'வின்ஸ்லோ அகராதி' என்று நாம் புரட்டுகிறோமே, 1862-ல் வந்த அந்தத் தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்த மைரன் வின்ஸ்லோவின் மகள்.

நடுவில் 'லாத்ரப்' என்று ஒரு பெயர் நிற்கிறது பாருங்கள். நியூ இங்கிலாந்துக் குடும்பங்களில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது வழக்கம். அம்மாவின் பெயர் ஹாரியட் வாட்ஸ்வொர்த் லாத்ரப். கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் ஊரில் 1796-ல் பிறந்தவர். 1819-ல் கணவரோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். உடுவிலில் 1824-ல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியை நடத்தினார், 1833-ல் அங்கேயே இறந்தார். அவருடைய வரலாற்றைக் கணவரே 1835-ல் புத்தகமாக எழுதினார். ஹாரியட்டைத் தொடர்ந்து அவருடைய தங்கைகள் மூன்று பேரும் மிஷனரி மனைவிகளாக யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களில் சார்லட்டின் கணவர் ஹென்றி செர்ரி. வந்த சிறிது காலத்திலேயே சார்லட் இறந்துபோனார். செர்ரி பிறகு வேலை செய்தது நம் மதுரை மிஷனில். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கியதுதான் அமெரிக்கன் மதுரை மிஷன். பசுமலையும் நீங்கள் படிக்கிற கல்லூரியும் அதன் வழியில் வந்தவை. அதை அனுப்பிய பாஸ்டன் சங்கம், பழைய பியூரிட்டன் சபைகளின் நேர் வாரிசுகளான காங்கிரிகேஷனல் சபையார் 1810-ல் உருவாக்கியது. பியூரிட்டன் பேரப்பிள்ளைகள் மதுரைக்கு வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை.

இடையில் உள்ள படிகளை இங்கே சுருக்கித் தாண்டுகிறேன். நார்விச்சில் லாத்ரப் என்றால் ஒரே வேர்தான். 1660-களில் அங்கே குடியேறிய சாமுவேல் என்ற வீடு கட்டும் தச்சர். அவருடைய அப்பா ஜான் லாத்ரப். நாம் தேடி வந்த ஆள் இவர்தான்.

ஜான் 1584 டிசம்பரில் யார்க்ஷயரின் எட்டன் கிராமத்துக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். அது எப்படித் தெரிகிறது? 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஊருக்கு ஊர் கோயிலில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்யச் சொன்னார். ராஜாவின் ஆட்கள் யார் என்று கணக்கு வைக்க எழுதியது, நானூறு வருஷம் கழித்துத் தாத்தாவைத் தேடுகிறவருக்கு உதவுகிறது. கேம்பிரிட்ஜில் படித்த ஜான், கென்ட் பகுதியின் எகர்ட்டனில் பாதிரியாராக இருந்தார். பிஷப்புகளின் அதிகாரம் மனசுக்கு ஒவ்வாமல் 1623-ல் வேலையை விட்டார். லண்டனில் ரகசியமாகக் கூடிய ஒரு சுயேச்சைச் சபைக்குத் தலைவரானார். 1632-ல் ஒரு வீட்டில் கூடியிருந்தபோது நாற்பது பேருக்கு மேல் பிடிபட்டார்கள். ஜான் சிறையில் இருந்தபோதே மனைவி ஹன்னா இறந்தார். நாட்டை விட்டுப் போவதென்றால் விடுதலை என்றார்கள். 1634 செப்டம்பர் 18-ல் 'கிரிஃபின்' கப்பல் பாஸ்டனை அடைந்ததையும் அதில் லாத்ரப் வந்ததையும் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ரப் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் அந்தக் காலனியையே கலக்கிய ஆன் ஹட்சின்சன் வந்ததும் அதே கப்பலில்தான்.

லாத்ரப் சிச்சுவேட் என்ற ஊரில் சபையைக் கூட்டினார். 1639-ல் சபையில் பெரும்பகுதியோடு பார்ன்ஸ்டபிளுக்குப் பெயர்ந்தார். நம் பக்கம் பஞ்சம் பிழைக்கப் போன பங்காளிகள் குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் சாமியை வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்: ஆட்களும் கும்பிடும் சேர்ந்தே நகர்ந்தன. ஒரு வித்தியாசம், இவர் போன இடமெல்லாம் எழுதிக்கொண்டே போனார். யார் சபையில் சேர்ந்தார், யார் பிள்ளைக்கு எப்போது ஞானஸ்நானம், யார் வீடு எங்கே என்று ஒரு குறிப்பேடு. மூலம் போய்விட்டது. பின்னாளில் யேல் கல்லூரியின் தலைவரான எஸ்ரா ஸ்டைல்ஸ் 18-ஆம் நூற்றாண்டில் கையால் எடுத்த பிரதி பிழைத்தது. அந்தப் பிரதி இல்லையென்றால் பார்ன்ஸ்டபிள் இருக்கும் கேப் காட் பகுதிக் குடும்பங்களில் பாதிக்கு முதல் தலைமுறை இருட்டாகியிருக்கும்.

இந்த இடத்தில்தான் புதிதாகத் தேடுகிறவர்கள் சறுக்குவார்கள். லாத்ரப்பின் குறிப்பேட்டில் சிச்சுவேட் சபை உடன்படிக்கை செய்த நாள் '1634 ஜனவரி 8' என்று இருக்கிறது. அவர் கரையிறங்கியதோ 1634 செப்டம்பர். வருவதற்கு எட்டு மாதம் முன்பே சபை கூடியதா? இல்லை. 1752 வரை ஆங்கிலேயருக்குச் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ல்தான், நம் பங்குனி நடுவில். ஆகவே செப்டம்பருக்குப் பிறகு வந்த ஜனவரியும் 1634-தான். நம் கணக்கில் அது 1635. இதனால்தான் ஆய்வாளர்கள் '1634/35' என்று சாய்கோடு போட்டு எழுதுகிறார்கள். அந்தக் கோட்டைக் கவனிக்காமல், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக எத்தனையோ நல்ல பெண்களின் மேல் பழி போட்டிருக்கிறார்கள் வம்சாவளி எழுதிய பெரியவர்கள்!

கோயில் பதிவுக்கு வெளியே மூன்று காகிதங்கள் முக்கியம். ஒன்று, ஊர்ப் பதிவு: பிறப்பு, திருமணம், இறப்பு நடந்த நாளை எழுத வேண்டும் என்று மாசசூசெட்ஸ் 1639-லேயே உத்தரவு போட்டது. இரண்டாவது நிலப் பத்திரம். மூன்றாவது, எனக்கு மிகப் பிடித்தது, உயில். பிறப்புப் பதிவு ஒரு பிள்ளையைத்தான் காட்டும். உயில் மொத்தக் குடும்பத்தையும் வரிசையில் நிறுத்தும். 1653-ல் இறந்த லாத்ரப்பின் உயிலைப் பாருங்கள். தன் பிள்ளைகளும் மனைவியின் பிள்ளைகளும் வயது வரிசைப்படி ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொள்ளட்டும். மிச்சத்தைப் பயன்படுத்தத் தெரிந்த யோக்கியன் யாருக்காவது விற்றுவிடுங்கள் என்கிறார். மனைவியின் பிள்ளைகள் என்று தனியாகச் சொல்வதிலிருந்தே அது இரண்டாம் மனைவி, அவருக்கும் முன்பே பிள்ளைகள் உண்டு என்று தெரிந்துவிடுகிறது.

அவர் 1644-ல் கட்டிய வீடு இன்று பார்ன்ஸ்டபிளில் ஸ்டர்ஜிஸ் நூலகத்தின் ஒரு பகுதி. அவருடைய 1605-ஆம் ஆண்டு பைபிளும் அங்கே இருக்கிறது. கப்பலில் மெழுகுவத்திக் கொழுப்பு சொட்டி அதன் பக்கங்களில் ஓட்டை விழுந்ததாகவும், காகிதம் ஒட்டி, எரிந்துபோன சொற்களை அவரே எழுதி நிரப்பியதாகவும் சொல்வார்கள்.

"அப்ப எல்லாமே கிடைச்சிருதாண்ணே?" இல்லை. வேலைக்காரர்கள், அடிமைகள், பூர்வகுடிகள் பற்றி இந்தப் பதிவுகள் வாய் திறப்பது அபூர்வம். பெண்கள் கல்யாணத்தோடு பெயர் மாறிக் காணாமல் போவார்கள். ஹாரியட்டின் நடுப்பெயர் மட்டும் இல்லையென்றால் டல்லஸிலிருந்து லாத்ரப்புக்குப் போகும் பாதையை முகர்ந்துகூடப் பார்த்திருக்க முடியாது. இதோடு குடும்பக் கதைகள் வேறு. 'மூன்று அண்ணன் தம்பி சேர்ந்து கப்பலில் வந்தார்கள்' என்று நியூ இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஏழு அண்ணன் தம்பி பெட்டி தூக்கி வந்த கதை சொல்வதில்லையா? பொய் என்று தள்ள வேண்டாம், காகிதம் கிடைக்கும்வரை ஓரமாக வைத்திருங்கள்.

இன்னொரு பெரிய மயக்கம், பெருமை. ஜான் லாத்ரப்பின் வழியில் வந்தவர்கள் என்று ஜனாதிபதிகள் கிராண்ட், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டு புஷ்கள் என்று பட்டியல் போடுவார்கள். பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1024 மூதாதையர் இடம் இருக்கிறது. அதில் ஒரு இடம்தான் லாத்ரப். பாளையப்பட்டு வம்சாவளிகள் சூரியனிலோ சந்திரனிலோ தொடங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இந்தப் பட்டியலையும் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கலாம்.

1620 முதல் 1640 வரை நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்கள் சுமார் இருபதாயிரம் பேர். அவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து, ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் 1988-லிருந்து பாஸ்டன் வம்சாவளிச் சங்கத்தின் சார்பில் தொகுதி தொகுதியாக எழுதினார். அந்தச் சங்கம் 1845-லிருந்து இருக்கிறது. மதுரை மிஷனரிகளின் கடிதங்களோ ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில். இங்கே நம் பக்கம் கிறிஸ்தவக் கல்லறைகள் உண்டு; சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் 1905-ல் தொகுத்திருக்கிறார். தமிழ்ப் பேரகராதியின் முதல் பதிப்பாசிரியரான ஜே. எஸ். சாண்ட்லர் மதுரை மிஷனின் எழுபத்தைந்து ஆண்டு வரலாறும் எழுதியிருக்கிறார். அங்கிருந்து ஆரம்பிக்கலாம். கேப்ரன் ஹால் பள்ளி தெரியுமே? மானாமதுரையில் வேலை செய்த மிஷனரி கேப்ரனின் முழுப்பெயர் வில்லியம் பான்ஃபீல்ட் கேப்ரன். 'பான்ஃபீல்ட்' என்ற அந்த நடுப்பெயரைப் பிடித்து ஏறினால், திருட்டுத்தனமாகக் கப்பலேறி வந்த சிறுவன் என்று குடும்பம் சொல்லும் பான்ஃபீல்ட் கேப்ரனிடம் போய் நிற்பீர்கள்.

ஆனால் பெயரை மட்டும் நம்பி இறங்கிவிடாதீர்கள். யாழ்ப்பாண மிஷன் விடுதிகளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரையோ அவர் சொன்ன பெயரையோ பிள்ளைக்கு வைத்தார்கள். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவரான விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். அவரோடு பட்டம் வாங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்று அறியப்பட்டார். மாசசூசெட்ஸின் ஊர்ப் பதிவுகளில் கிங்ஸ்பெரி என்று தேடினால் வரிசையாக வருவார்கள். ஒருவரும் இவருக்குச் சொந்தமில்லை. இவருடைய தாத்தா சிறுப்பிட்டி வைரவநாதர்.