மெய்யான ஆராதனை எது? – தீவு மண்ணிலிருந்து ஒரு சிந்தனை

இம்மலரைப் புரட்டும் அன்பர்களில் கிறிஸ்தவர்கள் சிலர், ஏனையோர் பலர். பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறு காலை வெள்ளை வேட்டி கட்டி, கையில் வேதப்புத்தகத்தோடு கிளம்பிப் போய் இரண்டு மணி நேரம் அங்கே என்னதான் செய்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. கிறிஸ்தவர்களிலும் பலருக்கு இதற்குச் சட்டென்று பதில் வராது. "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்பார்கள் நெல்லைச் சீமைக்காரர்கள். (சர்ச் என்பதெல்லாம் பின்னால் வந்த பேச்சு, நம் பாட்டிமார்களுக்கு அது கோயில்தான்.) போயிட்டு வந்தால் ஆராதனை ஆகிவிடுமா? இதைக் கொஞ்சம் ஆராய்வோம். அந்தமானில் இருந்துகொண்டு ஆராய்வதில் ஒரு லாபம் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். கிறிஸ்தவ வேதத்தின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. நாம் ஆராதனை, வழிபாடு என்று பொதுவாகச் சொல்வதற்கு அதில் பல சொற்கள் வருகின்றன. புரோஸ்குனேயோ என்றால் தரையில் விழுந்து பணிவது. நம் சாஷ்டாங்க நமஸ்காரம் மாதிரி. லத்ரெயா என்றால் ஊழியம். கூலிக்கு வேலை செய்கிறவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மூன்றாவது சொல் லெய்தூர்கியா. பழைய ஏதென்ஸ் நகரத்தில் வசதி படைத்த குடிமகன் தன் கைக்காசைப் போட்டு ஊருக்காக ஒரு போர்க்கப்பலைப் பராமரித்தால், அல்லது திருவிழாவில் பாடும் குழுவின் செலவை ஏற்றுக்கொண்டால், அதற்குத்தான் இந்தப் பெயர். ஊர் வேலை, பொது வேலை என்று வைத்துக்கொள்ளலாம். திருச்சபையின் வழிபாட்டு முறைக்கு இன்று உலகமெங்கும் வழங்கும் பெயர் இதிலிருந்து பிறந்ததே.

நம் தமிழிலும் இந்த முடிச்சு இருக்கிறது. "பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தேன்" என்பார்கள் வைணவர்கள். பழைய தமிழ் வேதாகமத்திலும் கடவுளைச் சேவிப்பது என்றே வரும். அதே சேவைதான் வெள்ளத்தில் மாட்டியவனுக்குச் சோறு கொண்டுபோனாலும் சேவை. தொழு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே தொழும்பு நிற்கிறது. அடிமைப்பணி என்று பொருள். ஆக, கும்பிடுவதும் வேலை செய்வதும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது கிரேக்கனுக்கும் தெரிந்திருக்கிறது, தமிழனுக்கும் தெரிந்திருக்கிறது. நாம்தான் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்றதை வசதிப்பட்ட நாளுக்கும் ஒதுக்கிவிட்டோம்.

சொல்லை விட்டுக் கதைக்கு வருவோம். யோவான் எழுதிய நற்செய்தியில், நான்காம் அதிகாரத்தில், ஒரு கிணற்றடி வருகிறது. சமாரியா நாட்டுப் பெண் ஒருத்தி உச்சி வெயிலில் தண்ணீர் எடுக்க வருகிறாள். அங்கே உட்கார்ந்திருந்த இயேசு அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவளுக்கு ஆச்சரியம், ஏனென்றால் யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை. நம் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேச்சுவாக்கில் அவள் பெரிய கேள்வி ஒன்றைப் போடுகிறாள்: எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்களோ எருசலேமில்தான் தொழவேண்டும் என்கிறீர்கள், எது சரி? இயேசு சொன்ன பதிலின் சாரம் இது: இந்த மலையும் இல்லை, அந்த நகரமும் இல்லை, கடவுள் ஆவியாயிருக்கிறார், உள்ளத்தாலும் உண்மையாலும் தொழுகிறவர்களையே அவர் தேடுகிறார்.

இந்தப் பதிலைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் பதில் யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பதை விட்டுவிடுகிறோம். தன் குவளையில் குடிக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவளிடம் முதலில் தண்ணீர் கேட்டு, அதற்கப்புறம்தான் ஆராதனையைப் பற்றிய பேச்சே வருகிறது. மத்தேயு நற்செய்தியிலும் இதே வரிசையைக் காணலாம். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனோடு உள்ள மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்ச் சமாதானமாகிவிட்டு வா என்கிறார். அந்தச் சகோதரன் மேல் தப்பா, உன் மேல் தப்பா என்ற விசாரணை இல்லை. காணிக்கை காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

நம் முன்னோர் இதை எப்படி நடத்திக் காட்டினார்கள்? பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 1872இல் கட்டியது. பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரண்டு நீண்ட கூடங்கள் பிரிந்து போகும். ஒரு கூடத்தில் ஒரு சாதியார், இன்னொன்றில் இன்னொரு சாதியார். ஒரே பூசை, ஒரே குருவானவர், ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது! நடுவிலிருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றது. கோயிலுக்குள் தனி இடம் எங்கள் உரிமை என்று செலவழித்து வழக்காடியவர்கள் பக்தி இல்லாதவர்கள் அல்லர். தவறாமல் பூசைக்கு வந்தவர்கள், விரதம் இருந்தவர்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

அந்தமானுக்கு வருவோம். இங்கே சாதி அப்படி வேர் பிடிக்கவில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததே. கைதிகளாக வந்து, விடுதலையாகி, இங்கேயே கல்யாணம் செய்து குடியேறியவர்களின் சந்ததி 'லோக்கல் பார்ன்' என்று பெயர் பெற்றது. அவர்கள் குடும்பங்களில் எந்த மாகாணம், எந்த மதம், எந்த சாதி என்று கலந்து கிடக்கும். பின்னால் 1918 முதல் ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த நம் தமிழர்கள் என்று கூட்டம் பெருகியது. 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. ஐந்தில் ஒருவர் கிறிஸ்தவர். தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 15 சதம். இத்தனை கலவை உள்ள இடத்தில் வடக்கன்குளத்துச் சுவரைக் கட்ட முடியாது. ஆனால் சுவர் கட்டும் கை சும்மா இருக்குமா? இங்கே அது மொழியை எடுத்துக்கொள்கிறது.

இந்தத் தீவுகளின் வரலாற்றில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. அதில் நமக்கும் பங்கு உண்டு. நிக்கோபார் தீவுகளை 1756இல் டென்மார்க் உரிமை கொண்டாடியது. நிர்வாகம் நம் தரங்கம்பாடியிலிருந்து. 1760இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மொராவிய சபைச் சகோதரர்கள், 1768 முதல் நன்கவுரியில் ஏறத்தாழ இருபது வருஷம் தங்கிப் பாடுபட்டார்கள். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். ஜெபத்துக்கும் தியாகத்துக்கும் குறைவே இல்லை. ஆனால் அங்குள்ள மக்களின் பேச்சு கடைசிவரை அவர்களுக்குச் சரியாக வசப்படவில்லை. திரும்பிப் போனபோது பின்னால் ஒரு சபையும் இல்லை. அவர்கள் ஆராதனை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அத்தனை கல்லறைகளுக்கு முன்னால் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. கேட்பவனுக்குப் புரியாத ஆராதனை அவனைச் சேராது என்பது மட்டும் தெரிகிறது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதியதும் இதுதான்: யாருக்கும் விளங்காத பாஷையில் ஆயிரக்கணக்காகப் பேசுவதைவிட, விளங்கும்படி நாலைந்து வார்த்தை பேசுவது மேல்.

நூறு வருஷம் கழித்து, 1890களின் நடுவில், கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் வந்து சேர்ந்தார். பெயர் வேதப்பன் சாலமோன். உபதேசியார், வாத்தியார், அரசாங்க ஏஜெண்டு, மழையையும் காற்றையும் குறித்து வைப்பவர் என்று எல்லா வேலையும் அவரே. தினசரி நாட்குறிப்பு எழுதினார். அதிலிருந்து எடுத்த பகுதிகள் 1902இல் லண்டனில் மானிடவியல் சஞ்சிகை ஒன்றில் அச்சாயின. அங்கே அவருக்குத் தமிழ்ச் சபை கிடையாது. நிக்கோபார்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் படிக்க அனுப்பப்பட்டு, ஊர் திரும்பி, ஆசிரியராகி, பிறகு குருவானவரானார். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் தீவுகள் இருந்தபோது, ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில் நிக்கோபாரிகள் பலர் கொல்லப்பட்டார்கள், ரிச்சர்ட்சனும் சித்திரவதைப்பட்டார். அவர் உழைப்பில் புதிய ஏற்பாடு நிக்கோபாரி மொழியில் 1950இல் வெளியாயிற்று. முழு வேதாகமம் 1969இல். 1950இல் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1952இல் இத்தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மறைந்தது 1978இல். கார் நிக்கோபார் மக்களில் பெரும்பாலோர் திருச்சபைக்குள் வந்தது யுத்தத்துக்குப் பிறகுதான். அவர்கள் தொழுதது தங்கள் மொழியில்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தத் தீவின் கடலோரக் கிராமங்கள் அழிந்தன. கடலோரக் கோயில்கள் பலவும் போயின. மிஞ்சியவர்கள் தீவின் உட்பகுதிக்கு இடம்பெயர்ந்து, முகாமிலேயே ஆராதனை நடத்தினார்கள். இதற்கு நேர்மாறாக, ராஸ் தீவில் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) வெள்ளைக்கார அதிகாரிகள் எழுப்பிய பிரஸ்பிடேரியன் ஆலயத்தைப் பாருங்கள். கல் சுவர் இன்னும் நிற்கிறது. அதை மரத்தின் வேர்கள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. தொழுகிறவர்தான் இல்லை. சுற்றுலா வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இனி நம் வீட்டு விஷயம். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தமிழ் ஆராதனை நம் பெரியவர்களுக்கு உயிர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனை ஒன்றை ஆர்மோனியத்தில் எடுத்துவிட்டால், ஊரைவிட்டு வந்து நாற்பது வருஷம் ஆனவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அது போலி அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கத்தோலிக்க வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்ததும், லத்தீன் பூசை போய்த் தமிழ்த் திருப்பலி வந்ததும் இதே காரணத்தால்தான். ஆனால் நம் பிள்ளைகள்? பள்ளிக்கூடத்தில் ஹிந்தி, தெருவில் ஹிந்தி. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் சில பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களை வாராவாரம் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, "இதுதான் நம்ம ஆராதனை" என்றால், நன்கவுரியில் நடந்ததை நம் வீட்டுக்குள்ளேயே நடத்துகிறோம். தமிழ் ஆராதனையை மூடிவிட வேண்டும் என்று சொல்பவன் நான் அல்லன். பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் எழுத்தைக் கற்றுக் கொடுக்காமல், அந்தச் சுமையைக் கோயிலின் தலையில் இறக்குவது சரியில்லை என்கிறேன். அதைவிட முக்கியம்: தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, அடுத்த ஆராதனைக்கு நிற்கும் ராஞ்சிக்காரரையும் நிக்கோபாரியையும் பார்த்து ஒரு தோத்திரம் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுப்போமானால், உள்ளே இரண்டு மணி நேரம் நடந்தது என்ன?

அறுப்பின் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விளைச்சலைக் கடவுளுக்குப் படைத்து, அதை ஏலம் போட்டு, பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிடுவது வழக்கம். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு வாழைத்தாரை யார் அதிக விலைக்கு எடுப்பது என்று இரண்டு பெரிய மனிதர்கள் போட்டி போட ஆரம்பித்தால், வாழைத்தார் அங்கே வெறும் சாக்குதான். (ஏலம் கூவுகிறவருக்கு மட்டும் அன்று நல்ல சந்தோஷம்.) அதே பண்டிகையின் அசனத்தில், யார் வந்தாலும் ஒரே பந்தியில் இலை போடுகிற ஊர்களும் நெல்லைப் பக்கம் உண்டு. யாக்கோபின் நிருபம் தங்க மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஆசனமும் கந்தைக்காரனுக்குக் காலடியும் காட்டுகிற சபையைக் கடிந்துகொள்கிறது. அதற்கு நல்ல பதில் அந்தப் பந்தி.

பல மொழியினர் சேர்ந்து திருவிருந்து எடுக்கும் கூட்டு ஆராதனைகளில் ஒரு வழக்கம் உண்டு. கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் தாய்மொழியில் சொல்லுங்கள் என்பார் ஆயர். தமிழ், ஹிந்தி, நிக்கோபாரி, தெலுங்கு என்று எல்லாம் ஒரே சமயத்தில் எழும். சந்தை இரைச்சல் மாதிரித்தான் இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் முடிப்பதும் இல்லை. முதலில் முடித்தவர்கள் மற்றவர்கள் ஆமென் சொல்லும்வரை தலை குனிந்து நிற்பார்கள்.